கைராசியை நம்பும் சனத்துக்கு எந்த அறிக்கை உதவும்?

இலங்கையின் கிழக்கில், எங்கள் பக்கத்தில் வைத்தியத்தின் தரத்தை அளக்கக் காலம் காலமாக ஒரு சொல் இருக்கிறது: கைராசி. "அவருக்கு நல்ல கைராசி" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், களுவாஞ்சிகுடியிலிருந்து கல்முனைக்கும் மட்டக்களப்புக்கும், கையில் காசு புரண்டால் கண்டிக்கும் கொழும்புக்கும் சனம் பஸ் ஏறும். போன வருடம் என் மாமிக்குக் கண்புரை சத்திரசிகிச்சை செய்ய வேண்டி வந்தபோது நாங்களும் அப்படித்தான் அலைந்தோம். அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசம், ஆனால் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். தனியாரில் காசு, ஆனால் உடனே செய்யலாம். எங்கே போவது என்று பதினைந்து நாள் வீடு வீடாக விசாரித்தோம். ஒருவர் தன் தாய்க்கு அங்கே நல்ல பார்வை வந்தது என்றார். இன்னொருவர் அதே இடத்தில் தன் மாமாவுக்குக் கண்ணில் கிருமி தொற்றியது என்றார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஆனால் நூறு பேருக்குச் செய்தால் எத்தனை பேருக்கு அப்படி ஆகிறது என்று கேட்டால் ஊரில் யாரிடமும் பதில் இல்லை. கடைசியில் ஒரு தனியார் இடத்தில் செய்தோம். கண் நல்லபடியாக வந்தது. ஆனால் முதலில் சொன்ன தொகை ஒன்று, கட்டிய தொகை வேறு. அந்த வித்தியாசத்துக்காக மாமியின் காப்பு ஒன்று அடகுக்குப் போனது.

அந்த அலைச்சலுக்குப் பிறகுதான் இந்த விஷயத்தை எங்கள் வாசிகசாலைக் கூட்டத்தில் எடுத்தேன். வாசிகசாலையிடம் இருப்பது ஒரு அறிவித்தல் பலகை, ஒரு போட்டோகொப்பி மெஷின், மாதம் ஒரு துண்டுப்பிரசுரம் அடிக்கும் அளவு பணம், ஊருக்கென்று ஒரு வட்ஸ்அப் குழு. வைத்தியசேவையின் தரம் பற்றிய தகவலை இவற்றை வைத்துச் சனத்துக்குச் சொல்வதென்றால் எந்த வடிவில் சொல்வது? நாலு யோசனைகள் வந்தன. இருக்கும் புள்ளிவிபரங்களை அப்படியே ஒட்டுவது ஒன்று. ஆஸ்பத்திரிகளுக்கு ஏ, பி, சி என்று தரம் போடுவது இன்னொன்று. போய்வந்தவர்களின் அனுபவத்தைத் திரட்டிப் போடுவது மூன்றாவது. ஒவ்வொரு வருத்தத்துக்கும், அதாவது நோய்க்கும், ஒரு பக்கத்தில், என்ன பார்க்க வேண்டும், என்ன கேட்க வேண்டும் என்று எழுதிக் கொடுப்பது நாலாவது. அடுத்த கூட்டத்தில் முடிவெடுக்க வேண்டும். நான் படித்ததையும், செய்து பார்த்ததையும் வைத்து என் பக்கத்தை இங்கே எழுதுகிறேன். மற்ற ஊர்களிலும் யாராவது இப்படி யோசித்துக்கொண்டிருந்தால் உதவும்.

புள்ளிவிபரத்தை அப்படியே ஒட்டுவதுதான் இருப்பதில் சுலபம். சுகாதார அமைச்சு வருடாந்தப் புள்ளிவிபர நூல் ஒன்றைத் தொகுக்கிறது. மாவட்ட வாரியாக எத்தனை கட்டில், எத்தனை பேர் வாட்டில் அனுமதி, எந்த வருத்தத்தில் எத்தனை மரணம் என்றெல்லாம் அதில் இருக்கிறது. தொற்றுநோயியல் பிரிவு வாராவாரம் டெங்கு, எலிக்காய்ச்சல் போன்றவற்றின் கணக்கை வெளியிடுகிறது. இரண்டையும் யாரும் இலவசமாக எடுக்கலாம். நான் அந்த வாராந்த அட்டவணையைப் பிரதியெடுத்து ஒரு கிழமை பலகையில் ஒட்டிப் பார்த்தேன். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நல்ல நேரம் நின்று பார்த்தார். "மனே, இதில நம்மட ஊர் எங்க கிடக்கு?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. அந்த அட்டவணை நாம் பேசும் மாவட்டக் கணக்கில் போகவில்லை, சுகாதாரப் பிராந்தியக் கணக்கில் போகிறது. அம்பாறை என்று ஒரு வரி இருக்கிறது, கல்முனை என்று தனியாக ஒரு வரி இருக்கிறது. அக்கரைப்பற்றில் இருப்பவர் தான் அம்பாறை மாவட்டம்தானே என்று நினைத்து அம்பாறை வரியைப் பார்த்தால் வேறு ஊர்களின் கணக்கைத்தான் படித்துக்கொண்டிருப்பார். கரையோரத்துக் கணக்கு கல்முனை வரியில் இருக்கிறது. இதைச் சொல்லிக் கொடுக்க ஒரு ஆள் பக்கத்தில் நிற்காவிட்டால் அந்தத் தாள் பலகையில் தொங்கியும் பயனில்லை. ஆங்கிலத்தில் இருக்கிறது என்பது அடுத்த தடை.

அதைவிடப் பெரிய சிக்கல், மரணக் கணக்கை எப்படிப் படிப்பது என்பது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் படித்தவர்களும் வழுக்கி விழுந்த இடம் இது. 1863இல் புளோரன்ஸ் நைட்டிங்கேல் ஆஸ்பத்திரிகள் பற்றிய தன் நூலில் ஓர் அட்டவணை போட்டார். லண்டனின் 24 ஆஸ்பத்திரிகளில் மரண வீதம் நூற்றுக்கு 90க்கு மேல் என்று அது சொன்னது. ஆஸ்பத்திரிக்குப் போன பத்துப் பேரில் ஒன்பது பேர் திரும்பவில்லை என்பது போலப் படுகிறது அல்லவா? நடந்தது அதுவல்ல. 1861ஆம் வருடம் முழுவதும் அங்கே இறந்தவர்கள் 3,828 பேர். அந்த எண்ணிக்கையை, அதே வருடம் ஏப்ரல் 8ஆம் திகதி ஒரே ஒரு நாளில் கட்டிலில் இருந்த 4,214 பேரால் வகுத்திருக்கிறார்கள். வருடம் முழுக்க வந்துபோன ஆயிரக்கணக்கானோர் கீழ்த்தொகையில் இல்லை. அந்தக் காலத்து வைத்தியர்கள் இதைப் பிடித்துக்கொண்டு பெரிய வாக்குவாதமே செய்தார்கள். நைட்டிங்கேலின் நோக்கம் சரி, தகவலை வெளியே கொண்டுவந்த துணிச்சலும் பெரிது. ஆனால் எதை எதால் வகுத்தார்கள் என்று தெரியாமல் ஒரு வீதத்தை நம்பக்கூடாது என்பதற்கு அந்த ஒரு அட்டவணை போதும்.

நம் ஊர்க் கதைக்கு வருவோம். இங்கே பொழுதுக்கும் அம்புலன்ஸ் ஓடுகிறது. களுவாஞ்சிகுடி, கல்முனை, வாழைச்சேனை என்று எல்லாப் பக்கமிருந்தும் கடுமையான வருத்தக்காரர்களைப் பெரியாஸ்பத்திரிக்கு, அதாவது மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு அனுப்புகிறார்கள். அனுப்பத்தான் வேண்டும். இதைக் கணக்கில் போட்டால் என்னவாகும் என்று ஒரு கற்பனைக் கணக்குச் சொல்கிறேன். சின்ன ஆஸ்பத்திரி ஒன்றில் 1000 பேர் அனுமதி. அதில் மிகக் கடுமையான 40 பேரை மேலே அனுப்புகிறார்கள், அங்கேயே இறந்தவர் 4 பேர். பெரியாஸ்பத்திரிக்கு நேரே வந்த 1000 பேரில் 10 பேர் இறக்கிறார்கள், அனுப்பப்பட்ட 40 பேரில் இன்னும் 10 பேர். இப்போது அட்டவணையில் சின்னதுக்கு ஆயிரத்துக்கு 4, பெரியதுக்கு ஆயிரத்துக்கு 19. ஏறத்தாழ ஐந்து மடங்கு. பலகையில் இதை ஒட்டினால் சனம் பெரியாஸ்பத்திரிக்குப் போகப் பயப்படும். உண்மையில் அந்த 40 பேரில் 30 பேரைக் காப்பாற்றியது அந்த ஆஸ்பத்திரிதான்.

இதைச் சரிசெய்ய வழி உண்டு. வந்தவரின் வயது, வருத்தத்தின் கடுமை, கூட இருக்கும் சீனி வருத்தம், பிரஷர் எல்லாவற்றையும் வைத்து, இப்படிப்பட்டவர்களில் எத்தனை பேர் இறப்பார்கள் என்று எதிர்பார்க்கலாம் என ஒரு கணக்கு எடுத்து, இறந்தவர் எண்ணிக்கையை அதனுடன் ஒப்பிட வேண்டும். ஆனால் அது ஒரு வாசிகசாலை செய்யும் வேலையல்ல. செய்தாலும் சின்ன எண்ணிக்கைகளில் அது ஆட்டம் காணும். வருடத்துக்கு 50 சத்திரசிகிச்சை நடக்கும் இடத்தில் ஒரு மரணம் என்றால் நூற்றுக்கு 2, இரண்டு என்றால் நூற்றுக்கு 4. ஒரே ஒரு ஆளின் விதியில் வீதம் இரட்டிக்கிறது.

சரி, அப்படியானால் எல்லாவற்றையும் யாராவது அறிந்தவர்கள் கணித்து ஒரு எழுத்தில் தரட்டுமே என்பது இரண்டாவது யோசனை. கூட்டத்தில் இதற்குத்தான் அதிகக் கை உயர்ந்தது. "சாப்பாட்டுக் கடைக்குப் பி.எச்.ஐ. மார் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள்) தரம் போடுகிறார்களே, அதைப்போல ஆஸ்பத்திரிக்கும் போடலாமே" என்று ஒரு தம்பி சொன்னார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சாப்பாட்டுக் கடைக்கு ஒரு குசினிதான். ஆஸ்பத்திரிக்குள் பல குசினி. பிள்ளைப்பேற்று வாட்டு நன்றாக இருக்கும் இடத்தில் கண் பிரிவே இல்லாமல் இருக்கலாம். சிறுநீரக வருத்தக்காரருக்குப் பேர்போன இடத்தில் வெளிநோயாளர் வரிசை நாள்முழுக்க நீளலாம். எல்லாவற்றையும் கூட்டிப் பிரித்து ஒரு எழுத்தாக்கினால், கர்ப்பிணிப் பிள்ளைக்கும் கண் மங்கிய மாமிக்கும் ஒரே பதிலைக் கொடுக்கிறோம். அமெரிக்காவில் 2016இல் அரசாங்கம் ஆஸ்பத்திரிகளுக்கு ஒன்று முதல் ஐந்து நட்சத்திரம் என்று வெளியிட்டபோதும் இதே சண்டைதான் வந்தது. கடுமையான வருத்தக்காரர்களையும் ஏழைகளையும் அதிகம் பார்க்கும் பெரிய போதனா வைத்தியசாலைகள் கீழே போய்விட்டன என்று முறையிட்டார்கள்.

எங்கள் பகுதிக்கு இன்னொரு காரணமும் உண்டு, அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். கல்முனையில் ஒரே ஊருக்குள் இரண்டு ஆதார வைத்தியசாலைகள் இருக்கின்றன. ஒன்றைத் தமிழ்ச் சனமும் மற்றதை முஸ்லிம் சனமும் அதிகம் நாடுவது இங்கே எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ஒன்றுக்கு ஏ, மற்றதுக்கு பி என்று ஒரு தாளில் அச்சடித்துப் பாருங்கள். அடுத்த நாளே அது தரம் பற்றிய பேச்சாக இருக்காது, எங்கட ஆஸ்பத்திரி, அவங்கட ஆஸ்பத்திரி என்ற பேச்சாகிவிடும். இரண்டிலும் வேலை செய்யும் வைத்தியர்களும் தாதியரும் படும் பாட்டை அது ஒரே இரவில் வீணாக்கும். இப்படியொரு தாள் எங்கள் வாசிகசாலையிலிருந்து போவதை என்னால் ஏற்க முடியாது.

ஆனாலும் தரப்படுத்தலுக்கு எதிராக மட்டும் பேசினால் அது நேர்மையாகாது. நியூயோர்க் மாநிலம் 1989இல் இருதய பைபாஸ் சத்திரசிகிச்சையின் மரணங்களை, வருத்தத்தின் கடுமையைக் கணக்கில் எடுத்துத் தொகுக்கத் தொடங்கியது. பிறகு ஆஸ்பத்திரி வாரியாக வெளியிட்டது, செய்திப் பத்திரிகை ஒன்று வழக்குப் போட்டதால் சத்திரசிகிச்சை நிபுணர் வாரியாகவும் வெளியானது. கடுமையைக் கணக்கில் எடுத்துத் திருத்திய மரண வீதம் 1989இல் நூற்றுக்கு 4.17 ஆக இருந்து 1992இல் 2.45 ஆக இறங்கியது. வெளியே தெரியும் என்றதும் ஆஸ்பத்திரிகள் தங்கள் குறைகளைத் தேடித் திருத்தின. அது பெரிய விஷயம். ஆனால் பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவில் இதேபோன்ற அறிக்கை வந்த பிறகு இருதய வைத்தியர்களையும் சத்திரசிகிச்சை நிபுணர்களையும் கேட்டபோது வேறொரு பக்கம் தெரிந்தது. கடுமையான வருத்தக்காரருக்குச் சத்திரசிகிச்சை செய்ய ஆள் பிடிப்பது கஷ்டமாகிவிட்டது என்று இருதய வைத்தியர்களில் நூற்றுக்கு 59 பேர் சொன்னார்கள். அப்படிப்பட்டவர்களை எடுக்கத் தயங்குகிறோம் என்று சத்திரசிகிச்சை நிபுணர்களிலேயே நூற்றுக்கு 63 பேர் ஒப்புக்கொண்டார்கள். பெயர் கெடுமே என்ற பயம். எங்களிடம் ஒரு துறைக்கு ஒரு நிபுணர், சில இடத்தில் அவரும் கிழமைக்குச் சில நாள்தான். அவர் தயங்கினால் அடுத்த ஆள் கண்டியில்.

அதே பென்சில்வேனியாவில் வருத்தக்காரர்களிடமும் கேட்டார்கள். சத்திரசிகிச்சைக்கு முன்னால் இப்படியொரு அறிக்கை இருக்கிறது என்று தெரிந்திருந்தவர்கள் நூற்றுக்கு 12 பேர். தன் நிபுணர் அல்லது ஆஸ்பத்திரியின் இடம் என்ன என்று சரியாகத் தெரிந்து, அதைப் பார்த்து முடிவை எடுத்தவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. அவ்வளவு செலவு செய்து, அவ்வளவு கவனமாகக் கணித்த அறிக்கை, யாருக்காக எழுதப்பட்டதோ அவர் கைக்குப் போகவில்லை. நாங்கள் முடிவெடுக்கும்போது இந்த ஒரு எண்ணிக்கையை முன்னால் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

மூன்றாவது யோசனை, போய்வந்தவர்களின் அனுபவம். முகநூலில் இது ஏற்கெனவே நடக்கிறது. கோபம் வந்தவர் எழுதுகிறார், உயிர் தப்பியவர் நன்றி எழுதுகிறார், நடுவில் இருக்கும் தொண்ணூறு பேர் எழுதுவதில்லை. இதை நாங்களும் செய்தால் கைராசிப் பேச்சைத் தாளில் ஏற்றியதாக மட்டும்தான் இருக்கும். இன்னொன்று, சீனி வருத்தத்துக்குக் கிளினிக் கொப்பியோடு மாதாமாதம் அதே மிஸியின் (தாதியின்) முன்னால் போய் நிற்க வேண்டிய ஆள் மனம் திறந்து குறை சொல்ல மாட்டார். அவருக்குப் பயம் இருக்கிறது. அந்தப் பயத்தை நான் குறைசொல்ல மாட்டேன்.

ஆனால் அனுபவத்தில் சில விஷயங்கள் வருத்தக்காரருக்கு மட்டுமே தெரியும். எந்த நேரம் போய், எந்த நேரம் டொக்டரைக் கண்டீர்கள்? மருந்து எதற்கு என்று சொன்னார்களா? உங்களுக்கு விளங்கும் மொழியில் சொன்னார்களா? மருந்தை வெளியில் வாங்கச் சொன்னார்களா? இந்த நாலையும் பெயர் கேட்காமல், எல்லோரிடமும் ஒரே மாதிரி, முப்பது நாற்பது பேரிடமாவது கேட்டால் அது வேறு தரத்துத் தகவல். இதை நாலாவது யோசனையோடு சேர்த்துக்கொள்ளலாம், தனியாக நிற்க விடக்கூடாது என்பது என் எண்ணம்.

நாலாவது, ஒரு வருத்தத்துக்கு ஒரு பக்கம். நான் நிற்பது இந்தப் பக்கம்தான். காரணம், சனம் எடுக்கிற முடிவு எதுவோ அதிலிருந்து இது தொடங்குகிறது. மண்டூரில் இருக்கும் ஒரு தாய் "இலங்கையில் சிறந்த ஆஸ்பத்திரி எது" என்று ஒரு நாளும் யோசிப்பதில்லை. வாவியைக் கடந்து வந்து களுவாஞ்சிகுடியில் பிள்ளையைப் பெறுவதா, இன்னும் முப்பது கிலோமீற்றர் போய்ப் பெரியாஸ்பத்திரியில் பெறுவதா என்று யோசிக்கிறாள். அவளுக்கு வேண்டியது அந்த இரண்டு இடத்திலும் இரவில் சிசேரியன் செய்ய ஆள் இருக்கிறதா, இரத்தம் கிடைக்குமா, பிள்ளைக்கு ஏதும் என்றால் பார்க்கும் பிரிவு இருக்கிறதா என்ற மூன்று விஷயம். அவளுக்கு முன்னமே பிரஷர் இருந்தால் பதில் வேறு, முதல் பிள்ளை சுகப்பிரசவம் என்றால் பதில் வேறு. சிசேரியன் வீதத்தை மட்டும் கொடுத்தால் அது குறைவது நல்லதா கூடுவது நல்லதா என்றுகூட அவளுக்குத் தெரியாது. தெரிய வாய்ப்பும் இல்லை, ஏனென்றால் சிக்கலான கர்ப்பிணிகளை எடுக்கும் இடத்தில் அது கூடத்தான் செய்யும்.

எப்படி எழுதுவது என்பதிலும் நல்ல ஆராய்ச்சி நடந்திருக்கிறது. அமெரிக்காவில் ஜூடித் ஹிப்பர்ட், எலன் பீட்டர்ஸ் ஆகியோர் இதையே பல வருடம் பார்த்தவர்கள். 2007இல் அவர்கள் குழு வெளியிட்ட ஆய்வில், தகவலைக் குறைத்து முக்கியமானதை மட்டும் கொடுத்தபோது சனம் அதிகம் விளங்கிக்கொண்டது, நல்ல ஆஸ்பத்திரியைத் தெரிவுசெய்தது. எண் கூடினால் நல்லது என்று வரும்படி எழுதினாலும் அதேபோல் உதவியது. ஒரு தாதிக்கு எத்தனை வருத்தக்காரர் என்று எழுதினால் குழப்பம், நூறு வருத்தக்காரருக்கு எத்தனை தாதி என்று எழுதினால் தெளிவு. கணக்கில் பழக்கம் குறைந்தவர்களுக்குத்தான் இந்த வித்தியாசம் அதிகம் உதவியது. ஆக, எங்கள் தாளில் "தொற்று வீதம் நூற்றுக்கு 0.4" என்று வராது. "1000 பேருக்குச் செய்தால் 996 பேருக்குக் கிருமி தொற்றவில்லை" என்று வரும். இரண்டும் ஒரே கணக்குத்தான். காசு விஷயத்திலும் ஒரு கண்ணி உண்டு. விலையை மட்டும் கொடுத்தால் விலை கூடியதுதான் தரமானது என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அதனால் தனியார் கட்டணத்தைப் போடுவதென்றால் தரம் பற்றிய தகவலோடு சேர்த்துத்தான் போட வேண்டும். மாமிக்கு நடந்ததை யோசித்தால் கடைசிக் கட்டணம் என்ன, அதற்குள் கண்ணுக்குள் வைக்கும் வில்லையும் மருந்தும் அடங்குமா என்பதும் கட்டாயம் வேண்டும்.

தகவல் எங்கிருந்து வரும் என்று கூட்டத்தில் கேட்டார்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பிரஜையாக இருக்கும் யாரும் அரசாங்க ஆஸ்பத்திரியிடமோ பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனையிடமோ எழுதிக் கேட்கலாம், தமிழிலேயே கேட்கலாம். 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று பதில் சொல்ல வேண்டும். இன்னொரு ஆளின் மருத்துவப் பதிவை அவர் சம்மதம் இல்லாமல் கேட்க முடியாது, கேட்கவும் கூடாது. ஆனால் கண்புரைக்கு எத்தனை பேர் காத்திருக்கிறார்கள், சராசரியாக எத்தனை மாதம், போன வருடம் எத்தனை செய்தீர்கள் என்று கேட்கலாம். தனியார் இடங்கள் 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். அந்தச் சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் ஒப்பீடே வேண்டாம் என்று தாளின் தலையில் பெரிதாகப் போட வேண்டும். நெஞ்சுவலி, வாய் கோணுவது, ஒரு பக்கக் கை கால் இழுப்பது, பிரசவத்தில் இரத்தம் போவது: இதற்கெல்லாம் கைராசியும் பார்க்கக்கூடாது, எங்கள் தாளையும் பார்க்கக்கூடாது. 1990க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். பக்கவாதத்தில் இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்துக்கு நாலரை மணித்தியாலம்தான் கெடு. "அந்த டொக்டர்தான் வேணும்" என்று வான் பிடித்துத் தூரம் போனவர்களை நான் கண்டிருக்கிறேன். அவர்கள் இழந்தது அந்த நேரத்தைத்தான்.

எந்த வடிவமானாலும், தாளை அடித்து விட்டால் மட்டும் போதுமா என்பது எனக்கு இன்னும் மனதைக் குடையும் கேள்வி. உகண்டாவில் 50 கிராமப்புறச் சுகாதார நிலையங்களை வைத்து ஒரு பரிசோதனை செய்தார்கள். பாதி ஊர்களில் தங்கள் நிலையத்தின் நிலைமையை ஒரு அட்டையில் எழுதி, ஊர்ச்சனத்தையும் அங்கே வேலை செய்பவர்களையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசவைத்தார்கள். என்ன திருத்தலாம் என்று இரண்டு பக்கமும் சேர்ந்து எழுதிக்கொண்டார்கள். ஒரு வருடத்தில் அந்த ஊர்களில் வெளிநோயாளர் வருகை நூற்றுக்கு 20 கூடியது, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்று 2009இல் எழுதினார்கள். பிறகு அதே நாட்டில் இன்னும் பெரிய அளவில் செய்து பார்த்தபோது மரணக் குறைவு தெரியவில்லை, சேவையில் சிறு முன்னேற்றங்கள் மட்டுமே தெரிந்தன. ஆக இதைப் பெரிய மந்திரமாக எடுக்க வேண்டாம். ஆனால் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஹிப்பர்ட் குழு கண்டதும் இதே திசையில் இருக்கிறது. அறிக்கை பகிரங்கமான ஆஸ்பத்திரிகள், தங்களுக்கு மட்டும் தனியாக அறிக்கை கிடைத்தவற்றைவிட அதிகம் திருந்தின. வருத்தக்காரர்கள் இடம் மாறியதால் அல்ல, தங்கள் பெயரைப் பற்றிய அக்கறையால். இடம் மாற வழியில்லாத எங்களுக்கு இது முக்கியமான செய்தி. இருக்கிற ஆஸ்பத்திரியைக் கொஞ்சம் நல்லதாக்குவதுதான் பெரும்பாலோருக்குக் கிடைக்கக்கூடிய தெரிவு.

அதனால் என் வாக்கு இப்படி. ஒரு வருத்தத்துக்கு ஒரு பக்கம் என்ற தாளை அடிப்போம். அடிக்கும் முன் பெயர் வரும் ஆஸ்பத்திரிக்கு ஒரு பிரதி கொடுத்து, பிழை இருந்தால் திருத்தச் சொல்லிக் கேட்போம். வைத்தியசாலை அபிவிருத்திக் குழுவில் எங்கள் ஊர் ஆட்கள் இருக்கிறார்கள், அவர்கள் வழியாக ஒரு கூட்டத்தையும் கேட்போம். முழுப் புள்ளிவிபர நூலை அச்செடுத்து அலுமாரியில் வைப்போம், உயர்தரம் படிக்கும் பிள்ளைகளுக்கும் தேடி வருபவர்களுக்கும் அது வேண்டும். ஏ, பி, சி வேண்டாம். கொழும்பில் பத்துத் தனியார் ஆஸ்பத்திரிக்கு நடுவில் இருப்பவருக்கு ஒருவேளை அது உதவலாம், எங்களுக்கு அல்ல. வாசிக்கச் சிரமப்படுபவர்களுக்காகத் தாளை ஒரு பிள்ளை நிதானமாக வாசித்து வட்ஸ்அப்பில் குரலாகப் போடட்டும். குடும்ப நல மாது சம்மதித்தால் கிளினிக்கில் தாய்மார் காத்திருக்கும் நேரத்தில் பிள்ளைப்பேற்றுத் தாளை ஒருவர் வாசித்துக் காட்டலாம். அப்படித்தான் அந்த நூற்றுக்கு 12ஐ நாங்கள் தாண்ட முடியும்.

முதல் தாள் கண்புரை. மாமிக்கு மற்றக் கண்ணிலும் வெள்ளை படரத் தொடங்கிவிட்டது, ஆறு மாதத்துக்குள் செய்ய வேண்டுமாம். இம்முறை கைராசி விசாரிக்கப் போவதில்லை என்று சொல்ல மாட்டேன், மாமி விசாரிக்காமல் இருக்க மாட்டா. ஆனால் கைப்பையில் மடித்த ஒரு தாளும் இருக்கும். அதில் ஐந்து கேள்வி எழுதி வைத்திருக்கிறேன். போன வருடம் இங்கே எத்தனை பேருக்குச் செய்தீர்கள். எத்தனை பேருக்குக் கிருமி தொற்றாமல் முடிந்தது. எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும். வில்லையோடும் மருந்தோடும் சேர்த்துக் கடைசியாக எவ்வளவு. இரவில் கண் சிவந்து வலித்தால் யாருக்கு அடிப்பது. தாளின் கீழே பதிலை எழுத இடம் விட்டிருக்கிறேன். மாமி கொண்டுவரும் பதில்தான் அந்தத் தாளின் முதல் வரியாக அச்சில் ஏறும்.